குறுங்கால மேலாய்வு நல்கை: முடிவுரைகளா, கருவிநூல்களா?

முனைவர் பட்டம் பெற்றபின் ஓராண்டோ ஈராண்டோ வழங்கப்பெறும் மேலாய்வு நல்கை, பண்டைத் தமிழர் பண்பாட்டு வரலாற்றில் ஈடுபடும் இளம் ஆய்வாளர் நம்பியிருக்கும் வாயில்களுள் ஒன்று. கி.பி. 600-க்கு முற்பட்ட காலத்தை ஆய்வெல்லையாகக் கொண்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இத்தகைய நல்கைகளை வழங்கி வந்துள்ளது. நல்கைக் காலம் போதாது என்பதே இவை குறித்துப் பொதுவாகக் கூறப்படும் குறை. காலத்தின் குறுக்கத்தைவிட, அக்காலத்திற்குள் ஆய்வாளரிடம் நாம் எதனை எதிர்பார்க்கிறோம் என்பதே அடிப்படைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பண்டைச் சான்றுகளின் விளக்கம் மெல்லவே முதிர்கிறது. மதுரையை அடுத்த மாங்குளக் குகைக் கல்வெட்டுகளை இராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்தார். அவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துரைத்தார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் அடையாளங் கண்டது 1960-களில்; தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003-இல். முதற் கண்டுபிடிப்புக்கும் அந்நூலுக்கும் இடையே 121 ஆண்டுகள். இத்துறையில் ஈராண்டில் இறுதி முடிவு கேட்பது பொருந்தாது.

எனினும் வரையறுத்த கால நல்கையால் பயனில்லை என்று கொள்ள வேண்டியதில்லை. சிந்து எழுத்தாய்வுக்காக மகாதேவனுக்கு 1970-இல் ஜவாகர்லால் நேரு நல்கை கிடைத்தது. அவ்வாய்வின் பெரும்பயன் 1977-இல் வெளிவந்த சிந்து எழுத்துத் தொடரடைவு. சிந்து எழுத்தின் புதிர் அதனால் அவிழ்ந்துவிடவில்லை. ஆயினும் அவருடைய திராவிடக் கருதுகோளை ஏற்காதவரும் அவ்வடைவைப் பயன்படுத்துகின்றனர். கருத்து மாறினும் கருவிநூல் நிற்கும் என்பதற்கு இது தக்க சான்று.

இன்றோ மேலாய்வாளரிடம் பெருந்தலைப்பும் புதிய கோட்பாடும் நூலளவான அறிக்கையும் எதிர்பார்க்கிறோம். விளைவாகக் களப்பணி சுருங்குகிறது. பிறர் தொகுத்தவையே மீண்டும் மேற்கோளாகின்றன. சங்கப் பாடலடி ஒன்றையும் அகழ்பொருள் ஒன்றையும் அருகருகே நிறுத்தி, இரண்டின் காலத்தையும் சூழலையும் ஆராயாமலே முடிவுரைக்கும் போக்கு வளர்கிறது. நல்கை முடிந்ததும் ஆய்வாளர் வேறு பணிக்குச் செல்ல, அவர் திரட்டிய தரவுகளும் அவருடனேயே போய்விடுகின்றன.

மாற்றாக, எல்லை தெளிந்த சிறு தொகுதிகளை நல்கைக்குரிய பொருளாக்கலாம். கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய நான்காங் கட்ட அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த 56 பானையோடுகள் கிடைத்ததாக 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவற்றிலுள்ள குவிரன், ஆதன் முதலிய ஆட்பெயர்களை, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் கல்வெட்டுப் பெயர்களோடும் சங்க இலக்கியப் பெயர்களோடும் ஒப்பிட்டு அடைவு ஆக்குதல் ஓராண்டில் ஒருவரால் இயலும் பணி.

இதற்கு ஆய்வாளரின் தங்கிடம் சான்றுகளுக்கு அருகே அமைய வேண்டும். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் இந்நகரிலேயே உள்ளது. காலையில் புறப்பட்டுத் திருப்பரங்குன்றத்தையோ யானைமலையையோ கீழடியையோ கண்டு மாலையில் நூலகத்திற்குத் திரும்பலாம். நூலும் களமும் இத்துணை நெருங்கிய இடங்கள் அரியவை.

அடைவும் பட்டியலும் தொகுப்புப் பணியேயன்றி ஆய்வாகா என்னும் தடை எழலாம். எதனைச் சேர்ப்பது, எவ்வாறு படிப்பது, ஐயப் பாடத்தை எங்ஙனம் குறிப்பது என ஒவ்வொரு பதிவிலும் ஆய்வாளரின் தீர்ப்பு அடங்கியுள்ளது. ஆகவே நல்கை வழங்குவோர் மூன்றினைச் செய்தல் நலம்: தலைப்பைத் தொகுதியளவில் வரையறுத்தல்; தரவுகளைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைத்தலைக் கட்டாயமாக்குதல்; முந்தைய மேலாய்வாளர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வழிவகுத்தல். பணியமர்த்தும் குழுக்களும் அடைவுகளை நூலுக்கு நிகராக மதிப்பிட வேண்டும். அந்நிலையில்தான் இளம் ஆய்வாளர் துணிந்து அவற்றில் இறங்குவர்.