எந்த மாடல் என்பதா கேள்வி?

போன வாரம் என் மனைவியின் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்தான். இங்கே புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டமும் மண்டி வியாபாரமும் உள்ளவன். கையில் இரண்டு விலைப்பட்டியல்.

"மாமா, லைசென்ஸ் வந்துட்டு. பிஸ்டல் வாங்கப் போறேன். சாதா மாடலா, புது மாடலா? நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் புதுச்சேரி அரசில் முப்பது சொச்சம் வருஷம் எழுத்தராக இருந்தவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று இந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. இரண்டும் வேண்டாம் என்றேன். முகம் சிவந்து எழுந்து போய்விட்டான். அவனிடம் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இந்த ஆசை அவன் ஒருவனுக்கு மட்டும் இல்லை.

முதலில் அந்த இரண்டு மாடல்கள். புது மாடலில் பிடி கைக்கு வாகாக இருக்குமாம், குறிபார்க்கும் அமைப்பு நன்றாக இருக்குமாம், மேகசினில் தோட்டா கூடுதலாம். இருக்கட்டும். தோட்டா எது? இரண்டிலும் அதே .32 தான். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் 9 எம்எம் பிஸ்டல் வாங்க முடியாது. அது தடை செய்யப்பட்ட அளவு. அரசின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் 'அசனி' பிஸ்டலும் .32 தான். அசனி என்றால் இடி. பெயர் பெரியது, தோட்டா சின்னது.

அந்தத் தோட்டாவின் வயதையும் சொல்கிறேன். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி 1900 வாக்கில் கொண்டுவந்தது. எஃப்.என். என்பது 'ஃபாப்ரிக் நாசியோனால்'. நான் படித்த பிரெஞ்சில் 'தேசியத் தொழிற்சாலை' என்று பொருள். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய தோட்டாவைச் சுடுவதற்குப் புது மாடல் என்று கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

"இது வாஞ்சி மண்ணு மாமா" என்றும் ஒரு வார்த்தை சொன்னான். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டதும் ஒரு பெல்ஜியத்து பிரௌனிங்தான். அதற்கான பயிற்சியை எங்கள் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பெற்றார். அடுத்த குண்டைத் தனக்கே வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வயதில் செத்துப்போனார். அவர் செய்தது சரியா தவறா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். மண்டிப் பணத்துக்குக் காவல் வைக்க அந்தப் பெயரை இழுக்காதீர்கள்.

அடுத்து, பன்றி. மலையடிவாரத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது, நஷ்டம் உண்மை. ஆனால் ராத்திரி இருட்டில் ஓடும் பன்றியைச் சின்ன பிஸ்டலால் அடிக்க முடியாது. அடித்தாலும் குற்றம். காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025இல் அரசு சொன்னதும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களுக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை. அந்தப் பணத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கி சோலார் வேலி போடலாமே!

மண்டிப் பணம் என்பான். இப்போது பாதிக்கு மேல் போனிலேயே வருகிறது என்று அவனே சொல்வான். தேர்தல் வந்தாலோ துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடுதான் வர வேண்டும். பஞ்சாயத்து, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று தேர்தலுக்கா இங்கே பஞ்சம்?

இனி, நான் அவனிடம் சொல்லாத விஷயம்.

எண்பதுகளில் புதுச்சேரியில் நான் குடியிருந்த தெருவில் ஒரு பெரியவர் லைசென்ஸ் பிஸ்டல் வைத்திருந்தார். யோக்கியமான மனிதர், குடி கிடையாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைத் துடைக்க எடுத்தார். மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார். காலி என்று நினைத்துவிட்டார். இந்த வகைத் துப்பாக்கி ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மேகசினைக் கழற்றினாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிய ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அவர் பார்க்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மகனுக்கு ஒன்பது வயது. தொடையில் பாய்ந்தது.

ரிக்‌ஷாவில் பையனை மடியில் போட்டுக்கொண்டு போனது நான். என் வேட்டி முழுக்க ரத்தம். பிழைத்தான். ஆனால் கால் கடைசிவரை சரியாகவில்லை. அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் புது மாடலில் இருக்கிறதாம். நல்லது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். ஆனால் அடையாளத்தைப் பார்க்க வேண்டியது மனிதன். அவசரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் பார்க்க மறப்பதும் அதே மனிதன். அவன் வீட்டில் ஆறு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று பெரியவனுக்கு இப்போதே தெரியும். தீபாவளிக்குப் பட்டாசு எடுத்தவன் அவன்தான்.

உயிருக்கு உண்மையான மிரட்டல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லவில்லை. அவர்கள் முறையாகப் பழகி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கட்டும். கல்யாண வீட்டில் இடுப்பில் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்குகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். மாட்டைப் போல ஆக வேண்டும் என்று ஊதிக்கொண்டே போன தவளையின் கதையை லா ஃபோன்தேன் எழுதியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தேன். முடிவு உங்களுக்கே தெரியும்.

அவனுக்கு வயதான எழுத்தராக ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கிறேன். லைசென்ஸ் என்பது அனுமதி, உத்தரவு அல்ல. கையில் வந்துவிட்டது என்பதற்காக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

கோபம் தணிந்ததும் வாடா. அத்தை உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.