கதவைத் திறந்து போட்டவர்கள் நமக்குப் பூட்டு உபதேசம் செய்கிறார்கள்!

“உங்கள் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்! ஓ.டி.பி. எண்ணைக் கொடுக்காதீர்கள்! உஷாராக இருங்கள்!”

பாங்கி இப்படிச் சொல்கிறது. செல்போன் கம்பெனி சொல்கிறது. சர்க்காரும் சொல்கிறது. நல்ல புத்திமதிதான், நாமும் அதையே சொல்கிறோம். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறோம். நாம் யாரிடமும் வாய் திறக்காத விவரங்கள் திருடன் கைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை எடுத்துக் கொள்வோம். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கான நிவாரணம் பாங்கிக் கணக்கில்தான் வருகிறது. அதை வாங்க ஆதார் வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும், பாஸ்புத்தகம் வேண்டும், செல் நம்பர் வேண்டும். ஆற்றோரம் மேலே போனால் வயலில் நடவு நடும் பெண்களுக்கும் இதே கதை. அரிசிக்குக் கைரேகை, கிராம வேலைக் கூலிக்குப் பாங்கிக் கணக்கு. மில் தொழிலாளிக்கோ பி.எப்., இ.எஸ்.ஐ. என்று இன்னும் நாலு இடத்தில் பதிவு.

இவற்றை நாம் ஆசைப்பட்டா கொடுத்தோம்? கொடுக்காவிட்டால் அரிசி இல்லை, கூலி இல்லை, நிவாரணம் இல்லை. கட்டாயப்படுத்தி வாங்கிக் கொண்டவன்தானே காவல் காக்க வேண்டும்?

காத்த லட்சணத்தைப் பாருங்கள். 2021-ம் வருஷம் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் திருட்டுச் சரக்காகக் கிடக்கின்றன என்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. ஆதார் எண், விலாசம், செல் நம்பர் எல்லாம் அதில் இருந்தன.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் விஷயம் சந்திக்கு வந்தது. பாலிசிதாரர்களின் காகிதங்களும் மருத்துவ ரிப்போர்ட்டுகளும் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டது. 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடன் பறை சாற்றினான். கம்பெனி முதலில், பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்ற தோரணையில் பேசியது. அடுத்த மாதமே, தாக்குதல் நடந்தது, சில தகவல்கள் களவாடப்பட்டன என்று ஒப்புக் கொண்டது. கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, சரி. ஆனால் யாருக்கு என்ன வியாதி என்று ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு அதை யார் அழிக்க முடியும்?

வெளிநாட்டு ராட்சசக் கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? பாஸ்வேர்டை வாங்கும் கம்பெனி அதை அப்படியே எழுதி வைக்கக் கூடாது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதது போல, அதை உருத் தெரியாமல் மாற்றித்தான் வைக்க வேண்டும். இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைத் தன் சிப்பந்திகள் படிக்கக்கூடிய விதத்தில் அப்படியே வைத்திருந்ததாக 2019-ல் பேஸ்புக் கம்பெனி ஒப்புக் கொண்டது. இதற்காக 2024 செப்டம்பரில் அயர்லாந்து அதிகாரிகள் 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள்.

இதே முத்துக்குளித்துறையில் முத்துக்கு எப்படிக் காவல் போட்டார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு சிப்பிகூட வழியில் கைமாறிப் போகக் கூடாதென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு காத்தார்கள். தங்கள் சொத்து என்றால் காவல் எவ்வளவு பலமாக இருக்கும்! நம் பெயர், நம் கைரேகை, நம் வியாதி என்றால் மட்டும் கதவு திறந்து கிடக்கிறது. காவலுக்குச் செலவாகும், செலவானால் லாபம் குறையும். இதில் வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. காவல் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருவது சர்க்கார் கஜானாவுக்கு! பறிகொடுத்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், அஜாக்கிரதையாக இருந்த கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதையே எடுத்துவிட வேண்டுமென்று இந்தப் புதுச் சட்டம் சொல்கிறது. வேடிக்கை இன்னும் முடியவில்லை. பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு! எது அற்பம் என்பதை முடிவு செய்யப் போவது யார்? கூலிக்காரனா?

பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக் கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? பத்திரப் பதிவு ஆவணங்களிலுள்ள கைரேகையை நகலெடுத்து, ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பல்களைப் பல மாநிலங்களில் போலீசார் பிடித்திருக்கிறார்கள். அவர்களிடம் பறிகொடுத்தவர்கள் எந்த ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொன்னவர்கள் அல்ல.

அப்படியானால் நாம் கையைக் கட்டிக் கொண்டு இருப்பதா? இல்லை. இன்று செய்ய வேண்டியதை இன்றே செய்வோம்.

வீட்டுக்கும் பெட்டிக்கும் படகுக்கும் ஒரே சாவி போடுவோமா? ஓரிடத்தில் களவு போன பாஸ்வேர்டைத் திருடர்கள் நூறு இடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே பாங்கிக்கு ஒன்று, இமெயிலுக்கு வேறு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த வருஷம் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள், நீளம்தான் பலம். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக் கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. “பணம் வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்” என்பவன் திருடன். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ரேஷனுக்கோ பணம் எடுக்கவோ போகும்போது திறந்து கொள்ளலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பாங்கிக்கும் புகார் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். தவறு நம் மேலும் இல்லாமல், பாங்கி மேலும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதி உத்தரவிட்டது. குற்றம் வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பாங்கியின் தலையில்தான். இதைப் பாங்கிக் கௌண்டரில் துணிந்து சொல்லுங்கள்.

ஆனால் தோழர்களே, ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதால் மட்டும் இந்தக் கொள்ளை நிற்காது. 1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. அன்று ஒருவர் ஒருவராகப் போய் மானேஜரிடம் மன்றாடியிருந்தால் கிடைத்திருக்குமா?

ஆகவே நாம் கோருகிறோம்: விவரம் களவு போனால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தமிழில் உடனே தெரிவிக்க வேண்டும். அபராதப் பணத்திலிருந்து பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும்; 43ஏ பிரிவில் கை வைக்கக் கூடாது. தேவைக்கு மேல் ஒரு விவரம்கூட வாங்கக் கூடாது. கைரேகை பதியவில்லை என்று சொல்லி ஒருவருக்கும் அரிசியையும் கூலியையும் மறுக்கக் கூடாது.

சங்க ஆபீசிலும் ஊர்ச் சாவடியிலும் மாலை நேரத்தில் கூடுங்கள். செல்போன் தெரிந்த இளைஞர்கள், தெரியாத பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பாஸ்வேர்டை மாற்றவும் கைரேகையைப் பூட்டவும் கற்றுக் கொடுக்கட்டும். ஆனால் அவரவர் ரகசிய எண்ணை அவரவரே போட வேண்டும். கற்றுக் கொடுப்பவர் அப்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளட்டும். பணம் பறிகொடுத்தவர்களின் புகார்களை அங்கேயே எழுதிச் சேர்த்து, ஒரே மனுவாகக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போவோம். தனி மனிதனின் புகாரை அற்பம் என்று தள்ளலாம்; ஆயிரம் பேர் சேர்ந்து கொடுக்கும் புகாரை அப்படித் தள்ள முடியாது!