ஆளில்லாப் பரீக்ஷையின் தர்மம்

2022-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி பின்னிரவில், அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக் கடற்கரையிலுள்ள கென்னடி விண்வெளித் தலத்திலிருந்து புதிய ராக்கெட் ஒன்று கிளம்பிற்று. அதன் உயரம் 98 மீட்டர். கிளம்புங்கால் அது தந்த உந்து சக்தி 88 லட்சம் பவுண்டு. முன்னர் சந்திரனுக்கு மனிதரைக் கொண்டு சென்ற ஸாட்டர்ன் ராக்கெட்டின் சக்தியினும் இது அதிகம். அதன் சிரசிலிருந்த ஓரியன் என்னும் கூண்டில் மனிதர் ஒருவரும் இலர். அதிர்ச்சியையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளைத் தாங்கிய பொம்மைகள் மூன்று மட்டுமே இருந்தன. அக்கூண்டு சந்திரனையும் கடந்து, பூமியிலிருந்து 4,32,000 கிலோமீட்டருக்கு அப்பால் சென்று, டிசம்பர் 11-ந் தேதி பஸிபிக் சமுத்திரத்தில் வந்திறங்கிற்று. நாஸா ஸ்தாபனத்தார் இதனைப் பெருவெற்றியென்று கொண்டாடினர். வெற்றியே, ஐயமில்லை. ஆயினும் நாம் கற்கவேண்டிய பாடம் அக்கொண்டாட்டத்திலில்லை. அதன்பின் நடந்த விசாரணையிலேயே இருக்கிறது.

வெறுங் கூண்டை அனுப்புவதற்கு இத்தனை திரவியம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. இந்த ராக்கெட் 2016-ம் வருஷ முடிவிலேயே பறக்க வேண்டுமென்பது ஆதியில் இட்ட கெடு; ஆறு வருஷம் பிந்திற்று. முதல் நான்கு பிரயாணங்களில் ஒவ்வொன்றிற்கும் சுமார் 410 கோடி டாலர் செலவாகுமென்று நாஸாவின் தணிக்கைத் தலைவரே 2022 மார்ச்சில் அமெரிக்க ஜனப்பிரதிநிதிகளிடம் கூறினார். ஆனால் செலவைக் கண்டிப்பது வேறு. ஆளில்லாப் பரீக்ஷையையே வீணென்பது வேறு. பின்னதைச் சரித்திரம் ஒப்பவில்லை.

1967 ஜனவரியில் தரையிலே நடந்த ஓர் ஒத்திகையில் தீப்பற்றி மூன்று வீரர்கள் மாண்டனர். அவ்வருஷம் நவம்பரில் ஸாட்டர்ன் ராக்கெட் ஆளின்றிப் பறந்தது. 1968 ஏப்ரலில் மறுமுறையும் ஆளின்றியே பறந்தபோது, இரண்டாம் அடுக்கின் இரண்டு என்ஜின்கள் நடுவழியில் நின்றன. மூன்றாம் அடுக்கின் என்ஜின் விண்வெளியில் மீண்டும் இயங்க மறுத்தது. உயிர்ச்சேதம் இல்லை; குற்றம் மட்டும் வெளிப்பட்டது. அதைக் கண்டு திருத்தியபின்னரே, அவ்வருஷம் டிசம்பரில் மூவர் சந்திரனைச் சுற்றி வந்தனர்.

இதற்கு மாறான திருஷ்டாந்தமும் உண்டு. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விமானம் வெடித்து எழுவர் மாண்டனர். பக்க ராக்கெட்டின் மூட்டுகளிலிருந்த வளையங்கள் அரிக்கப்படுவது முந்திய பிரயாணங்களிலேயே தெரிந்திருந்தது. கடுங்குளிரில் பறக்க வேண்டாமென்று பொறியாளர்கள் முன்னிரவே எச்சரித்தனர். மேலதிகாரிகள் செவிசாய்த்தாரில்லை. குற்றம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று; தெரிந்த குற்றத்துக்குத் தலைவணங்குவது மற்றொன்று. பின்னது இல்லையேல் முன்னது பயனற்றது.

ஓரியன் கூண்டின் கதையும் இதுவே. மணிக்குச் சுமார் 40,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயுமண்டலத்துள் புகும் கூண்டை, அடியிலுள்ள வெப்பக் கவசமே காக்கிறது. அது சிறிது சிறிதாகக் கருகித் தேய்ந்து வெப்பத்தைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அது எதிர்பாராத விதமாகத் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. கவசம் எதிர்பார்த்தபடி தேயவில்லையென்று ஸ்தாபனத்தார் சில மாதங்களில் ஒப்புக்கொண்டனர். எனினும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர்ந்ததென்ற விவரத்தையும் படங்களையும் 2024 மே மாதத்தில் தணிக்கையாளரின் அறிக்கையே ஜனங்கள் முன் விரித்து வைத்தது. உட்பொருளில் எழுந்த வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுந்து கவசத்தைப் பிளந்ததென்று அவ்வருஷம் டிசம்பரில் காரணம் கூறப்பட்டது. உள்ளே மனிதர் இருந்திருப்பினும் பிழைத்திருப்பர் என்றும் ஸ்தாபனத்தார் கூறினர். அடுத்த பிரயாணத்தில் அதே வகைக் கவசத்துடன், வாயுமண்டலத்துள் புகும் பாதையை மட்டும் மாற்றி, மனிதர் நால்வரை அனுப்புவதென அப்போது தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் சாஸ்திர நுட்பத்தை அளக்க நாம் முற்படவில்லை. ஆனால் செலவழிக்கும் ஸ்தாபனத்திற்கு அடங்காத தணிக்கையாளர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் எழுதியதை எவரும் படிக்க முடிந்தது. அந்த ராக்கெட்டைக் காட்டிலும் நாம் வியக்கத்தக்கது அதுவேயாகும்.

நமது தேசத்திற்கும் இதில் சம்பந்தமுண்டு. 2023 ஜூனில் இந்தியா அமெரிக்கரின் ஆர்ட்டிமிஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. நம் வீரரை 2022-க்குள் விண்ணுக்கு அனுப்புவோமென்று 2018 ஆகஸ்டு 15-ந் தேதி பிரதம மந்திரி வாக்களித்தார், அக்கெடு தவறிற்று. அதற்காக நாம் குறை கூறோம். 2023 அக்டோபர் 21-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில், ஆபத்தில் வீரர் தப்பும் முறையை ஆளில்லாக் கூண்டைக் கொண்டு பரீக்ஷித்தபோது, கிளம்ப ஐந்து விநாடியிருக்கையில் யந்திரமே நிறுத்தியது. காரணம் கண்டு சரிசெய்து அன்றே அனுப்பினர். அந்த நிதானமே நமக்குப் பெருமை. கெடுவை அரசியல் மேடை நிர்ணயிக்கலாகாது. பரீக்ஷையின் பலனே நிர்ணயிக்க வேண்டும். அப்பலன் நன்றாயினும் தீதாயினும், வரி கொடுக்கும் ஜனங்கள் முன்னிலையில் முழுதும் வைக்கப்படல் வேண்டும். பொம்மைகள் பேசமாட்டா; அவை அளந்து கொணர்ந்த உண்மையை மறைப்பவர், பின்னே ஏறவிருக்கும் மனிதரின் உயிருக்கு உத்தரவாதியாவர்.