குப்பையாக இருக்கும் வரை நம்முடையது

செத்த மாட்டைத் தூக்க எந்த ஆதிக்கச் சாதிக்காரனும் நம்மோடு போட்டிக்கு வந்ததில்லை. உரிக்கவும், ஊற வைக்கவும், நாறவும், அந்த நாற்றத்தைக் காரணம் காட்டி ஊருக்கு வெளியே நிற்கவும் நமக்கு முழு 'உரிமை' இருந்தது. தோலைப் பதனிட்டால் டாலர் வரும் என்று தெரிந்த பிறகுதான் தோலுக்கு முதலாளி வந்தார், ஆலை வந்தது, ஏற்றுமதி வந்தது. நாம் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கும் கூலிகளானோம். குப்பை குப்பையாக இருக்கும் வரை நம்முடையது. அது காசாகத் தொடங்கியதும் கை மாறிவிடும். எந்த ஏட்டிலும் எழுதி வைக்காத சட்டம் இது.

இந்தச் சட்டம் இப்போது காட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது.

உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், மஞ்சள் கொன்றை ஆகிய மூன்றும் இந்த மண்ணைச் சேர்ந்தவை அல்ல. வெள்ளைக்காரன் பூ அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது உண்ணிச்செடி. விறகுப் பஞ்சம் தீர்க்க ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து 1877-இல் கடப்பைப் பக்கம் ஊன்றியது சீமைக்கருவேலம். இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளில் புல் முளைக்க விடாமல், யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் இல்லாமல் உண்ணிப்புதர் அடைத்துக் கிடக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் இதை விடாமல் கேட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் வெட்டும் மஞ்சள் கொன்றையைக் காகிதக் கூழுக்காக எடுத்துக்கொள்ள அரசின் காகித ஆலை நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது.

அகற்றச் சொன்னது சரி. அகற்றியதை என்ன செய்வது? அங்கேயே விட்டால் காய்ந்து, கோடையில் காட்டுத்தீக்கு எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகும். ஆகவே எரிபொருளாக்கலாம் என்கிறார்கள். இதில் ஒன்றும் மாயம் இல்லை. செடியைத் துண்டு போட்டு, ஈரம் போகக் காயவைத்து, தூளாக்கி, அதிக அழுத்தத்தில் அமுக்கினால் பசை எதுவும் சேர்க்காமலே கட்டியாகிவிடும். செடியில் உள்ள லிக்னின் என்ற பொருளே சூட்டில் இளகிப் பசையாகிறது. பாய்லர்காரர்கள் 'பிரிக்கெட்' என்று சொல்லும் கட்டி இதுதான். இன்னொரு வழியும் உண்டு. விறகை முழுசாக எரிய விடாமல், காற்றைக் குறைத்துக் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைக் கழுவி வடிகட்டி இன்ஜினுக்குள் விட்டால் மின்சாரம். ஒரு யூனிட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு போதும். இருபது கிலோவாட் இயந்திரத்தை நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 120 யூனிட். அதற்கு ஆண்டுக்கு அய்ம்பது, அறுபது டன் விறகு. ஒரு மலைக் குடியிருப்புக்கு விளக்கும், தண்ணீர் மோட்டாரும், மாவரைக்கும் மில்லும் ஓட இது தாராளம்.

இதற்கும் பனியன் நகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. நொய்யலைக் கொன்ற சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடிக் கிடந்து, பிறகு 'ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடமாட்டோம்' என்று சொல்லித் திறந்தன. சாயத்தண்ணீரைச் சவ்வு வைத்து வடித்த பிறகும் மிஞ்சும் உப்புக்கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. துணிக்குச் சாயம் ஏற்றவும் வெந்நீர், அந்தச் சாயத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவும் வெந்நீர். ஆறு சுத்தமாவதற்கு எங்கேயோ ஒரு காடோ, ஒரு கண்மாய்க்கரையோ எரிந்தாக வேண்டும். தெற்குச் சீமையிலிருந்து முள்விறகு ஏற்றிக்கொண்டு லாரிகள் வருவது இதற்குத்தான். அய்ரோப்பியக் கடைக்காரன் நிலக்கரி வேண்டாம் என்கிறான். மத்திய அரசு 2021-இல் அனல்மின் நிலையங்களும் நிலக்கரியோடு தாவரக் கட்டிகளைக் கலந்து எரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, காட்டுக்குப்பைக்கு விலை ஏறப்போகிறது. இனி அது குப்பை இல்லை.

நம்ம பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்த விறகை வெட்டுவது யார்? 2019 சூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள். எல்லாரும் இருளர் சனங்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் முள் வெட்டிக் கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நாடே பார்த்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது என்பதை அந்தப் படத்துக்குக் கீழே எழுதிப் பாருங்கள். பசுமை எரிபொருள் என்று சொல்கிறவர்கள் அந்த முள்ளைப் பிடித்த கையின் நிறத்தைச் சொல்வதில்லை.

'கிராம சமூகத்துக்கு மின்சாரம்' என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அவற்றை நாம் கேலி செய்யவில்லை. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்து ஓசஹள்ளியில் 1988-இலேயே இந்திய அறிவியல் கழகத்தார் விறகு வாயு இயந்திரம் வைத்து, மின்சாரமே பார்க்காத ஊருக்கு விளக்கும் குடிதண்ணீரும் கொடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2003-இல் ஒன்பது கிலோவாட் இயந்திரம் வைத்து, மர அறுவை மில் கழிவை எரித்துக் குடிநீர் இறைத்தது. அதே ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையே நிறுவியது. ஓர் ஊராட்சியால் மின்சாரம் தயாரிக்க முடியும் என்று காட்டியதற்காக அந்த மக்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் 'கிராம சமூகம்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முதுகு கூசுகிறது. கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் சொன்ன பதிலை இந்த இதழின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எந்தச் சமூகம்? ஊரா, காலனியா? 2018-இல் அவினாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்க ஓர் அருந்ததியப் பெண் வந்தபோது, அவள் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று பள்ளியைப் பூட்டிப் போராடியது எந்தச் சமூகமோ, அந்தச் சமூகத்தின் கையில் மின்சாரச் சுவிட்சைக் கொடுத்தால் என்ன ஆகும்? அடுப்பிலேயே தீட்டுப் பார்க்கிறவன் கம்பியில் பார்க்க மாட்டானா?

கொங்கு நாடு ஏற்கெனவே ஒரு முறை எரிசக்தி மாற்றத்தைப் பார்த்திருக்கிறது. கவலை இறைத்த காலத்தில் தோல்பறி தைத்ததும், வடம் பின்னியதும், கிழிந்தால் ஓடிப்போய் ஒட்டுப் போட்டதும் நம்ம பாட்டன்கள். கூலி, வருசத்துக்கு இவ்வளவு தானியம் என்று களத்தில் அளப்பது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு இறங்கியது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. நிலம் வைத்திருந்தவர் வீட்டில் விளக்கு எரிந்தது, தோட்டத்தில் கரும்பு விளைந்தது, பஞ்சாலை எழுந்தது. பறி தைத்தவனுக்கு? பிழைப்புப் போச்சு. பின்னால் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானபோதும் கிணறே இல்லாதவனுக்கு எந்த இலவசம்? அவன் குடிசைக்கு ஒரு பல்பு. மின்சாரம் நம்மை விடுவிக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் இயந்திரம் யார் பேரில் என்று கேட்க வேண்டும். பைக்காரா நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

இந்த முறை நமக்குக் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் 'சிறு வன மகசூல்' என்பதற்குப் பொருள் சொல்லும்போது தேனையும் மூங்கிலையும் மட்டும் சொல்லவில்லை. புதர்விறகும் அடிக்கட்டையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கின்றன. காட்டில் வாழும் சனங்களுக்கு அவற்றின் மேல் உரிமை உண்டு என்கிறது பிரிவு 3. 2012 திருத்த விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன: உள்ளூரிலேயே பதப்படுத்தலாம், மதிப்புக் கூட்டலாம், வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்கலாம், அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். உண்ணிப்புதரில் எவனும் நிலைக்கதவு செய்ய முடியாது. அது புதர்விறகு. சட்டப்படி அது காண்டிராக்டருக்கோ ஆலைக்கோ கொடுப்பதற்கு வனத்துறையின் சொத்தே அல்ல என்று வாதாட நமக்கு இடம் இருக்கிறது.

சட்டம் இருந்தும் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் 2008 முதல் 2016 வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அதைவிடப் பெரிய வஞ்சனை ஒன்று திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு ஊர்களில் வாழும் மலைப் புலையர்களைப் பாருங்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கும் சனங்கள். 1976-க்குப் பிறகு அவர்கள் பட்டியல் சாதி. பழங்குடி என்று அறிவிக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்கிறார்கள். பக்கத்து ஊர் முதுவருக்குப் பழங்குடி என்ற பேரிலேயே வன உரிமை கிடைக்கும். புலையரோ மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஒரே காடு, ஒரே யானை, ஒரே அட்டைக்கடி. எழுத்தறிவையே மறுத்து வைத்திருந்துவிட்டு எழுத்துச் சான்று கேட்பது எப்படிப்பட்ட நீதி? ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் சான்றாக ஏற்கலாம் என்று விதியே சொல்கிறது. ஏற்கத்தான் அதிகாரிக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது பணம். வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இதை நான் சொல்ல வேண்டும். ஓடந்துறை ஊராட்சிக்குக் கடன் கிடைத்தது, ஏனென்றால் அதற்கு வரி வருமானம் இருந்தது, சேமிப்பு இருந்தது. வன உரிமைப் பட்டாவை விற்கவும் முடியாது, வேறு பேருக்கு மாற்றவும் முடியாது. நிலத்தைக் காக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அடமானம் கேட்கும் மேலாளருக்கு அது வெறும் தாள். 'செக்யூரிட்டி என்னம்மா?' என்ற ஒரே கேள்வியில் எத்தனை பெண்கள் விண்ணப்பத்தை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு போயிருக்கிறார்கள்! மகளிர் குழுவுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் உண்டு. இவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள், சன்னல் அளவுக்கு மேலே, யாரும் படிக்க முடியாத உயரத்தில். படித்த நம்ம பிள்ளைகள் எட்டிப் படித்து, கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். களையை நம்பி ஆலை வைத்தால் ஆலைக்குக் களை தேவைப்படும். உண்ணியை வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு மூன்று ஆண்டு முளைத்ததையெல்லாம் பிடுங்கினால்தான் காட்டுக்கு விடுதலை. டன் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் வேரை யாரும் தொட மாட்டார்கள், மேலே மேலே அறுத்துக்கொண்டே இருப்பார்கள். களை தீர்ந்த இடத்தில் புல்லும் நம் மரமும் வளர்ப்பதற்கும் கூலி வேண்டும், அந்தப் புல்லில் மேய்ச்சல் உரிமை வேண்டும்.

எனவே நாம் கேட்பது: காட்டுக்குப்பையை ஏலம் விடாதே, அந்தந்தக் கிராமசபையின் உரிமையாக எழுதிக் கொடு. மலைப் புலையரிடம் தாள் கேட்டு விரட்டாதே. கட்டி அமுக்கும் இயந்திரமும் எடை போடும் தராசும் வெட்டுகிற சனங்களின் சங்கத்துப் பேரில் இருக்கட்டும். சாயப்பட்டறைகள் அவர்களிடம் நேரடியாக வாங்கட்டும். மலையில் இயந்திரம் வைத்தால் முதல் கம்பி கடைசி வீட்டுக்குப் போகட்டும்.

திருப்பூரில் பாய்லரிலும் சாயப்பட்டறையிலும் வேலை பார்க்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனிக்கு வரும் விறகு எந்த ஊரிலிருந்து வருகிறது, வெட்டியவர் யார், டன்னுக்கு அவர் கைக்கு என்ன கிடைக்கிறது என்று லாரி டிரைவரிடம் கேளுங்கள். ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். பெயர் போடாமல் அடுத்த இதழில் அத்தனையையும் அச்சிடுகிறோம்.