விரல் அளவு போதாது

பிரசவத்துக்குப் பின் வயிற்றின் நேர்த்தசைகள் இரண்டும் விலகி நிற்பதை விரல் வைத்துப் பார்த்தாலே போதும், ஸ்கேன் வீண்செலவு என்னும் வாதம், யாருடைய விரல் என்ற முதல் கேள்வியிலேயே ஆட்டம் காண்கிறது. தொப்புளருகே குறுக்காக வைக்கப்படும் ஸ்கேன் கருவி, தசை விளிம்புகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் காட்டுவதோடு, மல்லாந்து படுத்த தாய் தலையைத் தூக்கும்போது அவற்றை இணைக்கும் வெண்கோடு என்னும் நார்ப்பட்டை இறுகுகிறதா, தொய்கிறதா என்பதையும் காட்டுகிறது. விரலுக்கு இது இவ்வளவு துல்லியமாக எட்டாது.

நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் 1992இல் பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது என்பதால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கேன் கருவிகளைக் கண்காணிப்பது நாமக்கல்லில் மிக நியாயமானது. ஆயினும் அதைச் சாக்காக்கி, தறிக்கும் களையெடுப்புக்கும் திரும்பும் பெண்ணின் வயிற்றை அளக்காமல் விடுவது அநீதி. பதிவு பெற்ற மையத்தில் தகுதியுள்ள மருத்துவர் அந்த அளவை எடுக்கச் சட்டம் தடை சொல்லவில்லை.