வீடு மாறினால் போதாது, விலாசமும் மாற வேண்டும்

தோட்டப் பாட்டாளிகளே, தாய்மார்களே!

தோட்டம் கைமாறுகிறது, துண்டாடப்படுகிறது, வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்தைக் காலி செய்யும் நாளில் சாமி படம், அம்மிக்கல், கோழிக்கூண்டு எல்லாம் எண்ணி லாரியில் ஏற்றிவிடுகிறோம். நம் விலாசத்தை மட்டும் தோட்டத்து ஆபிசிலேயே விட்டுவிட்டு வருகிறோம். இதில் உள்ள ஆபத்தை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

தோட்டத்தில் கடிதம் பெரும்பாலும் ஆபிசுக்குத்தான் வரும். கிராணி பேர் சொல்லிக் கொடுப்பார்; இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரர் வாங்கி வருவார். நாம் போன பிறகும் வங்கிக் கடிதம், சேமநிதிக் கடிதம், தொலைபேசி பில், மோட்டார் சைக்கிள் கடன் கடிதம் எல்லாம் அங்கேதான் போகும். ஆபிசையும் மூடிவிட்டால் அவை யார் கைக்குப் போகும்?

"நம்மகிட்ட என்னா இருக்கு, திருடன் கொண்டு போக?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் பெயர் இருக்கிறதே! அடையாள அட்டையின் 12 இலக்க எண் இருக்கிறதே! அந்த எண்ணும், ஒரு போட்டோ காப்பியும், ஒரு பழைய சம்பளச் சீட்டும் அயோக்கியன் கையில் சிக்கினால் நம் பெயரில் கடன் கேட்க முயல்வான். தொலைபேசி லைன் எடுக்கப் பார்ப்பான். பாக்கிக் கடிதம் பழைய விலாசத்துக்கே போவதால் நமக்குச் சேதி எட்டாது. பல வருஷம் கழித்து மலிவு விலை வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும்போது, "ஏற்கெனவே பாக்கி இருக்கு" என்பார்கள். அன்றைக்குத் தலையில் கை வைத்து என்ன பயன்?

தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். சம்பள நாளில் நம் பெண்கள் கணக்குப் புத்தகத்தை வரி வரியாகப் பார்ப்பார்கள். வாங்காத அரிசியை எழுதியிருந்தால் விடுவார்களா? இன்று நாடு முழுவதற்கும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. பேங்க் நெகாரா வைத்திருக்கும் அதன் பெயர் சிசிரிஸ். எந்த வங்கியில் எவ்வளவு கடன், கடந்த 12 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா, புதிதாகக் கடன் கேட்டு மனு போயிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். இ-சிசிரிஸ் வழியாக நம் கணக்கை நாமே காசில்லாமல் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். கடன் விவரம் திரட்டும் தனியார் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் வைத்திருக்கும் நம் விவரத்தைப் பார்க்கவும், தப்பு இருந்தால் திருத்தக் கேட்கவும் 2010-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது.

வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் புது விலாசத்தைப் பதிய வேண்டும். அதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. அங்கே மாற்றினால் வங்கியில் தானாக மாறிவிடாது. வங்கி, சேமநிதி, சொக்சோ, தொலைபேசிக் கம்பெனி, மோட்டார் சைக்கிள் கடன் கொடுத்தவர் என்று ஒவ்வோரிடமும் நாமே சொல்ல வேண்டும். அடுக்குமாடிக்குப் போனவர்கள் கீழே இருக்கும் தபால் பெட்டிக்கு முதலில் ஒரு பூட்டுப் போடுங்கள். அடையாள அட்டை காப்பி யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எந்தக் காரியத்துக்காக மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

எல்லாப் பாரத்தையும் தொழிலாளி தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா? தோட்டத்தை மூடும் நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. தேவை முடிந்த பிறகு ஒருவரின் சொந்த விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது 2013-இல் அமலுக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சம்பளப் பதிவேடுகள் போக, மேசை அறையில் கிடக்கும் அடையாள அட்டை காப்பிகளை அழித்துவிட வேண்டும். வரும் கடிதங்களைக் குறைந்தது ஓர் ஆண்டுக்காவது புது விலாசத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். நட்ட ஈடும் வீடும் கேட்கும் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கையையும் வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இதற்குக் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை, மனம்தான் வேண்டும்.

வாங்காத கடன் நம் பெயரில் வந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். போலீஸ் புகார் செய்யுங்கள். அதன் நகலோடு அந்த வங்கிக்கு எழுத்து மூலமாக முறையிடுங்கள். மோசடியில் பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் போன் போடுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் சங்கக் கிளைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

வாங்கின கடனை வியர்வை சிந்திக் கட்டிய பரம்பரை நாம். வாங்காத கடனுக்குத் தலை குனிய வேண்டியதில்லை. வீடு மாறியவர்கள் இந்த வாரமே விலாசத்தை மாற்றுங்கள்!