இரத்த ஓட்டத்தை அளந்த பின்பே ஸ்டென்ட்: வைகை அணை வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கும், ஒன்றிய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கும்.

வைகை அணை, ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, வருசநாடு தொடங்கி போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் வரை வாழ்கிறவர்கள் நாங்கள். எங்களில் விவசாயக் கூலிகள் உண்டு, ஜக்கம்பட்டித் தறிக்காரர்கள் உண்டு, அணையில் மீன் பிடிப்பவர்கள் உண்டு, விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்கள் உண்டு. நெஞ்சுவலி என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது க.விலக்கு அரசு ஆஸ்பத்திரி. அதைவிட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. அதுவும் இல்லையென்றால் நகையை அடகு வைத்துத் தனியார்.

இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ முடிந்ததும் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: "மூணு அடைப்பு இருக்கு, ஒண்ணு எழுபது பர்சன்ட், ஸ்டென்ட் வைக்கணும்." பயத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அந்த எழுபது, பெரும்பாலும் படத்தைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிட்ட எழுபது. குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அது காட்டும். அந்த இடத்தைத் தாண்டி இதயத் தசைக்குப் போகும் இரத்தம் குறைந்திருக்கிறதா என்பதைக் காட்டாது.

அதை அளக்க வழி உண்டு. நெதர்லாந்தின் நிகோ பெய்ல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரய்னே ஆகிய மருத்துவர்கள் 1990களில் வளர்த்தெடுத்த எஃப்எஃப்ஆர் முறை அது. அழுத்தத்தை உணரும் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, அடினோசின் மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்து, அங்குள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். 1 வந்தால் தடை இல்லை. 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பு இதயத்தைப் பட்டினி போடுகிறது. அடினோசின் இல்லாமலே அளக்கும் ஐஎஃப்ஆர் முறை இதற்குச் சளைத்ததல்ல என்று 2017இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின.

எஃப்எஃப்ஆர் முறையைச் சோதித்து 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 பேர் சேர்க்கப்பட்டார்கள். படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், அளந்து செய்தவர்களுக்கு 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2. படத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் சுமார் 65 சதவீதம், அளந்து பார்த்தபோது ஓட்டத்தைத் தடுக்கவே இல்லை.

71 அடி நீர்மட்டம் கொண்ட எங்கள் வைகை அணையில் 66, 68.5, 69 அடி என்று அளவுகோல் காட்டிய பிறகே மூன்று வெள்ள எச்சரிக்கைகளும் விடப்படுகின்றன. திறக்கும் தண்ணீருக்குக் கனஅடிக் கணக்கு உண்டு. தண்ணீருக்குத் தரும் அந்த மரியாதையை எங்கள் இரத்தத்துக்கும் தாருங்கள். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. அவசரமில்லாத நோயாளிக்கு நடுத்தர அடைப்பு இருந்து, இரத்தக் குறைவை வேறு பரிசோதனை எதுவும் நிரூபிக்கவில்லை என்றால், ஸ்டென்டுக்கு முன் எஃப்எஃப்ஆர் அல்லது ஐஎஃப்ஆர் அளவு எடுக்க வேண்டும். காப்பீட்டுப் பணத்தில் வைக்கும் ஒவ்வொரு ஸ்டென்டுக்கும் அந்த எண்ணோ, அளக்காததற்கான காரணமோ கோப்பில் இருக்க வேண்டும்.

2. மாரடைப்பில் துடிப்பவரிடம் இந்த விதியைக் காட்டி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துத் தமிழ்நாட்டிலேயே நடந்த திட்டத்தில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இணைப்பு வருசநாட்டுக்கும் மேகமலைக்கும் வேண்டும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கு உடனே தரும் 14 மாத்திரைகள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்த நாளும் இருப்பில் இருக்க வேண்டும். அங்கே எடுக்கும் இசிஜி உடனே க.விலக்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

3. க.விலக்கில் ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் கேத் லேப் இரவு பகலாக இயங்க வேண்டும். அழுத்தக் கம்பி, அதற்கான கருவி, பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மூன்றும் ஒன்றாக வேண்டும். கம்பிகளை மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்யட்டும்.

4. இந்தச் சாசனத்தின் உயிர்நாடி இந்தக் கோரிக்கைதான். ஸ்டென்ட் வைத்தால் பணம், வைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலை எங்கும் இருக்கக் கூடாது. அளந்து பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்வதும் சிகிச்சைதான். அதற்குக் கருவியும் நேரமும் திறமையும் செலவாகின்றன. ஆகவே அளவீட்டுக்குக் காப்பீட்டில் தனித் தொகை வேண்டும், முடிவு எப்படி வந்தாலும் அது வழங்கப்பட வேண்டும். எந்த மருத்துவமனையில் இது கிடைக்கும் என்பதை வரவேற்பறைப் பலகையில் தமிழில் எழுதுங்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்த மருந்து விலை நிர்ணய ஆணையம், அளக்கும் கம்பிக்கும் உச்சவரம்பு விதிக்கட்டும்.

5. இதயத்தின் மூன்று குழாய்களிலும் நோய் உள்ளவரை இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். 2022இல் வந்த மூன்றாவது ஃபேம் ஆய்வில், அளந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 10.6 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் பெரும் பாதிப்புக்கு உள்ளானார்கள். பைபாஸ் செய்தவர்களில் 6.9 சதவீதத்தினர். அளவீடு எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நாங்கள் சொல்லவில்லை.

6. ஸ்டென்ட் தேவையில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் மாலையிலோ ஞாயிறன்றோ வர ஏற்பாடு செய்யுங்கள்.

7. ஆஞ்சியோ படத்தின் குறுந்தகடும், அளவு எண்ணைத் தமிழில் விளக்கும் ஒரு தாளும் நோயாளியின் கையில் தரப்பட வேண்டும். அவசரமில்லை என்றால், வீட்டாரோடு பேசவும் வேறொரு மருத்துவரைக் கேட்கவும் அவகாசம் தர வேண்டும். கேத் லேப் மேசையில் படுத்திருப்பவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதமாக நாங்கள் ஏற்கவில்லை.

இந்தச் சாசனத்தைத் தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் அளிக்கிறோம். ஒவ்வொரு துறையும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்பது எது, மறுப்பது எது, மறுப்பதன் காரணம் என்ன என்று அதில் இருக்க வேண்டும். வரும் பதிலை எங்கள் ஊராட்சிகளின் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் முழுமையாக வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வோம்.